எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்காதீர்கள்

என் அண்ணன் மகளுக்கு முதுகு வளைந்திருப்பதை முதலில் கவனித்தது டாக்டர் இல்லை, தையற்கார அக்கா. “பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கு, சுடிதார் ஒரு பக்கம் ஏறியே நிக்குது” என்றார். அப்போது அவளுக்கு 13 வயது. எக்ஸ்-ரே எடுத்தோம், 28 டிகிரி. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் “எத்தனை டிகிரி?” என்றுதான் கேட்டார்கள். அவள் துப்பட்டாவைத் தோள் முழுக்கப் பரப்பிப் போட ஆரம்பித்ததை ரொம்ப நாள் யாரும் பார்க்கவில்லை.

பெரிய தவறு இதுதான்: டிகிரியை வைத்துப் பிள்ளையின் கஷ்டத்தை அளப்பது. எக்ஸ்-ரேயில் வளைவின் இரு முனைகளிலும் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்புகளுக்கு இடையிலான கோணம்தான் அந்த டிகிரி. அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் விளக்கிய முறை என்பதால் காப் கோணம் என்பார்கள். 10 டிகிரியைத் தொட்டால் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் பிரச்சினை. வளரும் வயதில் 25 முதல் 40 வரை என்றால் பொதுவாக பிரேஸ், அதாவது வளைவு கூடாமல் இருக்க உடம்பைச் சுற்றிப் போடும் கெட்டியான கவசம். 50ஐ நெருங்கினால் அறுவை சிகிச்சைப் பேச்சு. சிகிச்சையை முடிவு செய்ய இந்த எண் கட்டாயம் வேண்டும். ஆனால் வலி, அன்றாட வேலை, தன் தோற்றம் பற்றிய எண்ணம், மனநிலை, சிகிச்சையில் திருப்தி ஆகியவற்றைக் கேட்க எஸ்ஆர்எஸ்-22 என்று 22 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. அந்த மதிப்பெண்ணையும் கோணத்தையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் உறவு வலுவாக இருப்பதில்லை. 25 டிகிரி உள்ள பெண் கல்யாண வீட்டுக்கு வர மறுக்கலாம், 45 உள்ளவள் கபடி ஆடலாம். எதிரெதிராக இரண்டு வளைவுகள் இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி, வெளியே அவ்வளவாகத் தெரியாமலும் போகும்.

அதற்காக, “கம்மிதானே, வலியும் இல்லையே” என்று விட்டுவிடவும் கூடாது. இந்த வயதில் பலருக்கு வலியே இருக்காது. உயரம் கிடுகிடுவென்று கூடும் மாதங்களில்தான் வளைவும் வேகமாக ஏறும். டாக்டர் சொன்ன தேதியில் போய்க் காட்டியே ஆக வேண்டும். அப்புறம், போன தடவை 28, இப்போது 30 என்று அழ வேண்டாம். அளப்பதிலேயே சுமார் 5 டிகிரி வரை வித்தியாசம் வரும்.

“நேரா நில்லு” என்பதை இன்றோடு நிறுத்துங்கள். இது கூன் இல்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்கிறது. அவள் நினைத்தாலும் நிமிர்த்த முடியாது. ஸ்கூல் பையும் காரணமில்லை, கோணலாக உட்கார்ந்ததும் காரணமில்லை. அதைக் கேட்டுக் கேட்டு, தன் தப்பால்தான் இப்படி ஆனது என்று பிள்ளை நம்பிவிடுகிறது.

பிரேஸ் விஷயத்தில் வீட்டுக்கு வீடு சண்டை. 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. போடாமல் கவனித்து வந்தவர்களில் அது 48 சதவீதம். நாளுக்கு சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களுக்குப் பலன் 90 சதவீதத்தைத் தாண்டியது. ஆக, எத்தனை மணி நேரம் என்பது முக்கியம். ஆனால் அதட்டி அந்த மணி நேரத்தை வாங்க முடியாது. நம் ஊர் வெயிலில் அது எப்படி எரிச்சலூட்டும் என்று யோசியுங்கள். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன் போடுங்கள், வியர்த்தால் மாற்றுங்கள். எந்த நேரத்தில் கழற்றலாம் என்பதை டாக்டரிடம் அவளே கேட்கட்டும். விளையாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். அதற்காகக் கழற்ற பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

இப்போது தையற்கார அக்கா பிரேஸுக்கு மேல் போடுகிற மாதிரி இடுப்பில் கொஞ்சம் தளர்த்தித் தைத்துத் தருகிறார். போன வாரம் துணி எடுக்கப் போனபோது கலரை அவளே தேர்ந்தெடுத்தாள். துப்பட்டா வேண்டாம் என்றாள்.