பல் எடுத்த குழியில் எலும்புத் தூள் வைத்த பிறகு

பல் போன இடத்தில் தாடை எலும்பு சும்மா இருக்காது, கரையும். முதல் ஆண்டிலேயே அகலத்தில் பாதி வரை போய்விடலாம். பின்னால் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடையில் பதிக்கும் உலோக வேர்) திருகு பிடிக்க எலும்பு வேண்டுமே என்றுதான், பல் எடுத்த குழியில் எலும்புத் தூளை நிரப்பி, மேலே கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு மூடித் தையல் போடுகிறார்கள். மரத்துப்போகும் ஊசி போதும்.

தூள் பெரும்பாலும் பதப்படுத்திய மாட்டெலும்பு. சவ்வு பன்றியிலிருந்தும் வரும். ஆட்சேபம் இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள், செயற்கைத் தூளும் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது.

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள். உறிஞ்சும் இழுப்பில் ரத்தக்கட்டி பெயர்ந்தால் தூளும் கூடவே வரும். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையைச் சாய்த்தால் போதும், களக் களக் வேண்டாம். ஆறிய ரசம் சாதம், இட்லி சரி. முறுக்கு பிறகு.

நாக்கில் மணல் போல நாலைந்து துகள் தட்டுப்பட்டால் பயம் வேண்டாம். வீக்கம் 2, 3 நாளில் உச்சம் தொட்டு இறங்கும். அதற்கப்புறம் வலி ஏறினால், சீழ் வந்தால், உடனே மருத்துவரிடம் போங்கள். சிகரெட்தான் பெரிய எதிரி: ரத்த ஓட்டத்தைக் குறைத்து ஆறவிடாது.

தையல் 7 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். இம்ப்ளான்ட்டுக்குப் பொதுவாக 4 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும்.