பூங்கா அணில்களைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அணிலைப் பார்த்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. அணிலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே பக்கவாட்டில் வருபவரையும் பின்னால் வருபவரையும் அது கவனித்துவிடும். நீங்கள் இரண்டு அடி வைத்ததும் அடிமரத்தின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சுற்றி வந்தால் அதுவும் சுற்றும். கடைசியில் மிஞ்சுவது வால் நுனி மட்டும் தெரிகிற படங்கள்தான்.

கண்டபடி ஓடுவதுபோலத் தோன்றினாலும் அணிலுக்கென்று வழிகள் உண்டு. பெரும்பாலும் பழகிய கிளை வழியாகத்தான் அடுத்த மரத்துக்குத் தாவும். கொறிப்பதற்கும் பழகிய கவட்டையில் போய்த்தான் உட்காரும். மரத்தடியில் விதையின் ஓடும் தோலும் சிதறிக் கிடந்தால் நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். அதற்கு எதிரே, வெயில் உங்கள் முதுகில் படும்படி உட்கார்ந்துவிடுங்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அணில் கொஞ்ச நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அதன்பிறகு நடப்பதுதான் பார்க்கவும் படமெடுக்கவும் தகுந்தது.

அணில் பயந்து விறைத்து நிற்பதை ‘போஸ் கொடுக்கிறது’ என்று நினைப்பது அடுத்த தவறு. இது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நிம்மதியாகக் கொறிக்கும் அணிலைக் கவனியுங்கள். விதையை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்து உருட்டிக்கொண்டே இருக்கும், தாடை ஓயாமல் அசையும், தோல் துணுக்குகள் கீழே உதிரும். திடீரென்று தாடை நின்றுவிடும். ஒரு முன்னங்கால் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு விறைக்கும். அடுத்து வால் வெடுக் வெடுக்கென்று துடிக்கும், கீச்சுச் சத்தம் விடாமல் கேட்கும். பருந்தோ பூனையோ அருகில் இருக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் அது பயப்படுவது உங்களைப் பார்த்துத்தான். இரண்டு படம் எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்காதீர்கள், மெதுவாகப் பின்னால் வாருங்கள். மறுபடி கொறிக்க ஆரம்பித்தால் நீங்கள் இருக்கும் தூரம் சரியென்று அர்த்தம்.

தீனி போட்டுக் கூப்பிடுவது படத்தையும் கெடுக்கும், அணிலையும் கெடுக்கும். நிலக்கடலையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதையே பிரதான உணவாகத் தின்று வளரும் அணிலுக்கு எலும்பு பலவீனமாகும். உப்பு போட்டு வறுத்தது, ரொட்டி, பிஸ்கட் எதுவுமே அதற்கு ஏற்ற உணவில்லை. மனிதக் கையை நம்பிப் பழகிவிட்ட அணில், நாயோடு வருபவரிடமும் தயங்காமல் ஓடும். ஆர்வத்தில் விரலையும் சேர்த்துக் கடிக்கும். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அதைவிட, கையையே பார்த்துக்கொண்டிருக்கும் அணிலின் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். வட அமெரிக்காவின் சாம்பல் அணில், கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் குழியில் புதைத்துவைக்கும். இன்னொரு அணில் பார்த்துக்கொண்டிருந்தால் சில சமயம் குழி தோண்டி, புதைப்பதுபோல் பாவனை செய்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும். தீனி போடாமல் பொறுமையாக உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கக்கூடிய காட்சி இது.

உச்சி வெயிலில் போகாதீர்கள். வெளிச்சம் கடுமையாக இருக்கும், அணில்களும் நிழலில் ஒதுங்கியிருக்கும். காலையும் மாலையும்தான் சரியான நேரம். வெயில் நாளில் கிளைமேல் வயிறு பதியக் கால்களைப் பரப்பிப் படுத்திருந்தால் பெரும்பாலும் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்றுதான் பொருள். நோயென்று நினைத்துக் கிளையைத் தட்டாதீர்கள்.

கேமராவில் பலரும் விடும் பிழை ஷட்டர் வேகத்தை, அதாவது ஷட்டர் திறந்து மூடும் வேகத்தை, குறைவாக வைப்பது. உட்கார்ந்து தின்னும் அணிலுக்கே 1/500 நொடி வேண்டும், ஓடவோ தாவவோ செய்தால் 1/1000 முதல் 1/2000 வரை. அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) ஏறினால் ஏறட்டும். படத்தில் புள்ளிகள் தெரிந்தால் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், கலங்கிப்போன கண்ணைச் சரிசெய்வது கஷ்டம். ஃபோகஸ் கண்ணில்தான் இருக்க வேண்டும். தரையில் இருக்கும் அணிலை நின்றபடி மேலிருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும், கேமராவை அதன் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். செல்போனில் டிஜிட்டல் ஜூம் வேண்டாம், மரத்தோடும் கிளைகளோடும் சேர்த்து அகலமாக எடுங்கள். கை பழகிய பிறகு எதிர்வெயிலிலும் முயன்று பாருங்கள், வாலின் ஓர மயிர்கள் ஒளிரும்.

கூட்டை நெருங்கிப் படமெடுப்பது, ஃபிளாஷ் அடிப்பது, பதிவுசெய்த குரலைப் போட்டு வரவழைப்பது மூன்றும் கூடவே கூடாது. கண் திறக்காத குட்டி கீழே கிடந்தால் அதைச் சுற்றி நின்று படமெடுக்காதீர்கள். தாய் அணில் குட்டியை வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும், ஆனால் அருகில் ஆள் நின்றால் இறங்கத் தயங்கும். நாயோ பூனையோ வராதபடி தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். குட்டிக்குக் காயம் இருந்தாலும், நேரமாகியும் தாய் வராவிட்டாலும், பூங்கா ஊழியரிடமோ வனவிலங்கு மீட்புக் குழுவிடமோ தகவல் சொல்லுங்கள்.