ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு மாதப் பாடம்: மழலையர் வகுப்பில் பட்டாம்பூச்சி வளர்ப்பது எப்படி?

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் எங்கள் மழலையர் வகுப்பின் பின்வாசலில் நிற்கும் கறிவேப்பிலைச் செடி துளிர் விடும். அந்தத் துளிரைத் தேடிக்கொண்டு கறுப்பும் மஞ்சளுமாய் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி ஒன்று வரும். எங்கள் வருடத்தின் மிக நல்ல பாடம் அன்றைக்குத்தான் தொடங்கும்.

திங்கள் மரம், செவ்வாய் மழை, புதன் காட்டு விலங்கு என்று நாளுக்கு ஒரு தலைப்பாக நானும் சில வருடம் நடத்திப் பார்த்தேன். பிள்ளைகள் சந்தோஷமாக வண்ணம் தீட்டினார்கள், பாடினார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குக் காடு எங்கோ இருக்கிறது. வாசல் செடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால் இப்போது ஒரே ஓர் உயிரை எடுத்துக்கொண்டு அதோடு ஒரு மாதம் இருக்கிறோம். எண்ணிக்கை, பாட்டு, களிமண், ஓவியம், பேச்சு எல்லாம் அதிலிருந்தே வந்துவிடுகின்றன. வீட்டில் ஒரே பிள்ளை இருந்தாலும், வகுப்பில் இருபது பேர் இருந்தாலும் இதைச் செய்யலாம்.

முதல் படி: செடி

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். தொட்டிச் செடியாக இருந்தாலும் சரி. எலுமிச்சைப் பட்டாம்பூச்சி முட்டையிடுவது இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான். செடியில் எந்த மருந்தும் அடித்திருக்கக் கூடாது. நர்சரியில் வாங்கிய செடி என்றால், பழைய இலைகள் உதிர்ந்து இரண்டு மூன்று முறை புதுத் துளிர் வரும்வரை பொறுத்திருங்கள். நுனியைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வந்தால் பக்கத்தில் துளிர்கள் கிளம்பும். துளிர் இருந்தால் முட்டை வரும்.

பட்டாம்பூச்சி வருவதற்கு முன்பே பிள்ளைகளைச் செடியோடு பழக்குங்கள். ஆளுக்கொரு ஆர்க்கு கறிவேப்பிலை கொடுத்து, இலைகளை உருவி எண்ணச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பதின்மூன்று வரும், இன்னொருவருக்குப் பதினேழு வரும். ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாத பிள்ளை இலைகளைத் தரையில் வரிசையாக அடுக்கி, பக்கத்துப் பிள்ளையின் வரிசையோடு ஒப்பிட்டு, "என்னோடது நீளம்" என்று சொன்னாலே போதும். அதுவும் கணக்குதான்.

அடுத்த நாள் மோந்து பார்க்கும் விளையாட்டு. கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சை இலை நான்கையும் கசக்கித் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று சொல்ல வேண்டும். விளையாட்டு முடிந்ததும் இதைச் சொல்லுங்கள்: தாய்ப் பட்டாம்பூச்சி இலையில் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். அதன் காலுக்கே சுவை தெரியும். தன் பிள்ளை தின்னக்கூடிய இலைதானா என்று பார்த்த பிறகுதான் முட்டை வைக்கும். எங்கள் பிள்ளைகள் இதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு இலை மேல் காலை வைத்துப் பார்த்தார்கள்.

இரண்டாம் படி: முட்டை தேடுதல்

காலை வெயில் ஏறியதும் நான்கைந்து பேராகக் கூட்டிப் போங்கள். மொத்த வகுப்பையும் ஒரே நேரத்தில் கூட்டிப் போனால் யாரும் எதையும் பார்க்க முடியாது. இளந்துளிரின் மேலும் அடியிலும் தேடச் சொல்லுங்கள். முட்டை கடுகளவு இருக்கும். வெளிர் மஞ்சள், நல்ல உருண்டை, ஒவ்வொன்றாகத் தனித்தனியே இருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் கையில் கொடுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது. முதல் முட்டையை எப்போதும் அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்.

முட்டையைச் சுரண்டி எடுக்காதீர்கள், இலையோடு சேர்த்துக் கிள்ளுங்கள். இரண்டு அல்லது மூன்று முட்டை போதும். வளர்ந்த புழு ஒரு சின்னத் தொட்டிச் செடியை மொட்டையடித்துவிடும். மிச்சம் செடியிலேயே இருக்கட்டும். சிட்டுக்கும் எறும்புக்கும் அதில் பங்கு உண்டு.

மூன்றாம் படி: பெட்டி

கடையில் விற்கும் கிட் எதுவும் வேண்டாம். சாப்பாடு மூடி வைக்கும் வலைக்கூடை நன்றாக உதவும். அல்லது அகலமான பிளாஸ்டிக் டப்பாவின் வாயைக் கொசுவலைத் துணியால் கட்டிக்கொள்ளலாம். டப்பா என்றால் உள்ளே இரண்டு குச்சிகளைச் சாய்த்து வையுங்கள். வழவழப்பான சுவரில் பட்டாம்பூச்சியால் பிடித்துத் தொங்க முடியாது. தொங்கினால்தான் சிறகு விரியும். கீழே பழைய செய்தித்தாள் விரியுங்கள். ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கறிவேப்பிலைக் கிளையைச் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் நன்றாக அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்துவிடும். நேர் வெயில் படாத, காற்று வரும் இடத்தில் பெட்டி இருக்கட்டும். பெட்டியின் காலடியில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். முதல் வருடம் செடியில் இலை தீர்ந்துபோனது. சமையலுக்கு வாங்கிய கறிவேப்பிலையைக் கழுவிப் போட்டேன். மறுநாள் காலை மூன்று புழுவும் துவண்டு கிடந்தன. "ஏன் டீச்சர் எந்திரிக்க மாட்டேங்குது?" என்று நாலு வயதுப் பையன் கேட்டான். இலையில் பூச்சிமருந்து இருந்திருக்கும், நான் கவனிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். செடி அடியிலேயே குழி தோண்டிப் புதைத்தோம். கடையில் வாங்கும் இலையைத் தயவுசெய்து போடாதீர்கள். செடியில் இலை போதாது என்று தோன்றினால், இலை பறிக்க விடுகிற, மருந்து அடிக்காத வீடு ஒன்றை முன்பே பார்த்து வையுங்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி தருகிறார். முதலில் "புழு விழுந்த இலைய நசுக்கிப் போடும்மா" என்றவர், இப்போது "இன்னைக்கு எத்தனை இலை தின்னுச்சு?" என்று தினமும் கேட்கிறார்.

நான்காம் படி: புழுவோடு இரண்டு வாரம்

மூன்று நான்கு நாளில் முட்டையிலிருந்து புழு வெளியே வரும். பார்த்ததும் "காக்கா எச்சம்!" என்பார்கள். மறுக்காதீர்கள். கறுப்பும் வெள்ளையுமாக எச்சம் போலவே இருப்பதால்தான் பறவை அதைத் தொடாமல் விடுகிறது. பிள்ளை தன் கண்ணால் பார்த்துச் சொன்ன இந்த வார்த்தையிலிருந்தே ஒளிந்துகொள்வதைப் பற்றிய பேச்சைத் தொடங்கிவிடலாம். பச்சை இலைகளுக்கு நடுவே பச்சைத் துணி, சிவப்புத் துணித் துண்டுகளைப் போட்டு எது சீக்கிரம் கண்ணில் படுகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

தினமும் காலை பத்து நிமிடம் பெட்டிக்கு ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். அன்றைய பொறுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவர் பழைய கிளையை எடுத்துப் புதுக் கிளையைத் தருவார், மற்றவர் காகிதத்தில் விழுந்திருக்கும் புழுக்கையை எண்ணுவார். புழுக்கையை எண்ணுவதில் இவர்களுக்கு இருக்கும் ஆசையை நான் எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. எண்ணியதைச் சுவரில் ஒட்டிய தாளில் புள்ளிகளாக வைக்கச் சொல்லுங்கள். புழு வளர வளரப் புள்ளியும் பெருகும். ஒரு நாள் திடீரென்று குறையும். அன்றைக்குப் புழு தோலுரிக்கத் தயாராகி அசையாமல் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது தொடாமல், இடம் மாற்றாமல் விட்டுவிட வேண்டும்.

எச்ச நிறத்தில் இருந்த புழு நான்காவது தோலுரிப்புக்குப் பின் பச்சையாக மாறிவிடும். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு முறை, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் அதன் முதுகை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டாகப் பிளந்த கொம்பு போன்று ஒன்று வெளியே நீளும், கூடவே காட்டமான ஒரு வாடை. ஓரிரு நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும். எறும்பு போன்ற எதிரிகளை விரட்டத்தான் அந்த வாடை. நம்மை ஒன்றும் செய்யாது. திரும்பத் திரும்பச் சீண்டாதீர்கள், அது களைத்துப்போகும். "பயந்தா நீ என்ன செய்வ?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அம்மா பின்னால் ஒளிவேன், கத்துவேன், கண்ணை மூடிப்பேன் என்று வரிசையாகப் பதில் வரும்.

அதே நாளில் முடியுள்ள கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது என்பதையும் படம் காட்டிச் சொல்லிவிடுங்கள். புழுவைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் பெட்டி வேலை முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மதிய வேளைக்கு இந்தப் பாட்டை நாங்களே கட்டிக்கொண்டோம். பாதி வகுப்பு கேட்கும், பாதி வகுப்பு பதில் சொல்லும்.

பச்சப் புழு, பச்சப் புழு, என்ன தின்னே?
கொத்துக் கொத்தாக் கறிவேப்பில மென்னு தின்னேன்!
தின்னுப்புட்டு, தின்னுப்புட்டு, எங்க போன?
குச்சி மேல கண்ண மூடித் தூங்கப் போனேன்!

களிமண் நாளில் புழுவைச் செய்யச் சொன்னால் சின்ன உருண்டைகளை ஒட்டி நீளமாக்குவார்கள். கண் வைக்கப் பயறு, மிளகு கொடுக்கும் வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. மூன்று வயதுக்காரர்களிடம் அது வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். குச்சியால் குத்திப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: கூட்டுப்புழு

புழு சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பெட்டிக்குள் அலையத் தொடங்கும். தண்ணியாகக் கழியும். நோய் என்று பயப்பட வேண்டாம், இடம் தேடுகிறது. பிறகு ஒரு குச்சியில் வாலை ஒட்டி, உடலைச் சுற்றி மெல்லிய நூல் ஒன்றைக் கட்டிச் சாய்ந்துகொள்ளும். மின்கம்பத்தில் ஏறும் லைன்மேன் இடுப்பில் வார் போட்டுச் சாய்ந்திருப்பாரே, அச்சு அசல் அப்படி. மறுநாள் தோல் கடைசியாக ஒரு முறை உரியும், உள்ளே கூட்டுப்புழு இருக்கும். இது நூலால் கூடு பின்னுவதில்லை. பின்னுவது பட்டுப்புழு. சுவர்ப் படங்கள் பலவற்றில் இரண்டையும் குழப்பி வரைந்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் நேரில் பார்த்ததை வரையட்டும்.

இனி ஏறக்குறைய எட்டுப் பத்து நாள் எதுவும் நடக்காதது போல இருக்கும். வெயிலைப் பொறுத்துக் கூடும், குறையும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்புதான் கடினம், இதில்தான் அதிகம் கற்கிறார்கள். தினம் ஒரு இலையைச் சரத்தில் கோத்து நாள் எண்ணுங்கள். உடல் விளையாட்டும் இப்போது கைகொடுக்கும்: முட்டையாகச் சுருண்டு படுத்து, புழுவாக ஊர்ந்து, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்று, மெல்ல அவிழ்த்துக் கையை விரித்து ஓட வேண்டும். அசையாமல் நிற்கும் கட்டத்தில் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள்.

சில கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவி வரலாம். குளவியும் தன் குஞ்சுக்குச் சாப்பாடு தேடித்தான் இதற்குள் முட்டை வைத்தது என்று சொல்லுங்கள். மறைக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு இது புரிகிறது.

ஆறாம் படி: அந்தக் காலை

கூட்டுப்புழு கறுத்து, உள்ளே சிறகின் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் மறுநாள் காலையில் வெளியே வரும். பள்ளி தொடங்கும் முன்பே நீங்கள் போய்விடுங்கள். ஈரமாய், கசங்கிய துணி போலச் சிறகோடு வந்து தொங்கும். பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு விழும். இரத்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறகு காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். தொடக் கூடாது, ஊதக் கூடாது.

மஞ்சள் புள்ளிகளும் பின்சிறகில் செம்புள்ளியும் இருந்து, வால் இல்லை என்றால் அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சி. கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையும் சின்ன வாலும் இருந்தால் அதே செடியில் வளரும் அதன் உறவுக்காரப் பூச்சி. கூட்டுப்புழுவாக இருக்கும்போதே எது வரும் என்று பிள்ளைகளிடம் வாக்கெடுத்து வைத்தால் அன்றைக்கு நல்ல ஆர்ப்பாட்டம். தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-ல் தமிழ் மறவனை அறிவித்தார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். அதன் படத்தையும் பக்கத்தில் வைத்து, நம் வாசல்காரரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பறக்கவிடும்போது பெட்டியைச் செடிக்குப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் நான்கடி தள்ளி உட்காருங்கள். அது தானாகப் போகட்டும். வாசலில் இட்லிப்பூச் செடி வைத்தால் தேன் குடிக்க வரும். உண்ணிச்செடியிலும் பட்டாம்பூச்சி வரும்தான், ஆனால் அது காடுகளை அடைத்துக்கொண்டு பரவுகிற செடி, வைக்காதீர்கள்.

போன கார்த்திகையில் எங்கள் பூச்சி பெட்டியை விட்டு எழுந்து, இரண்டு சுற்று சுற்றி, கறிவேப்பிலைத் துளிரில் போய் உட்கார்ந்தது. முன் வரிசையில் இருந்த பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "டீச்சர், காலால ருசி பாக்குது."