மழைக்கால அவசரப் பையில் ஒரு பிடி புளியங்கொட்டை

வடகிழக்குப் பருவமழைக்கு டார்ச், மருந்து, ஆதார் நகல் எடுத்து வைக்கும் பையிலேயே, ஒரு பிடி புளியங்கொட்டையும் முட்டை அட்டையில் வெட்டிய இரண்டு வரிசைக் குழிகளும் பாலிதீன் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். நிவாரண முகாமில் பல்லாங்குழி தயார்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போனை நம்ப முடியாது. இதற்கோ கை போதும். பார்வையில்லாத குழந்தை தடவியே ஆடும், காது கேளாத குழந்தைக்குப் பேச்சே தேவையில்லை. ஆனால் வீட்டிலேயே ஆடிப் பழக்கியிருக்க வேண்டும். புது இடம், கூட்டம், சத்தம் என்று திணறும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, தெரிந்த ஒரு பொருள் கையில் இருப்பதே பிடிமானம். விதிப்படி ஆடாமல் கொட்டைகளை வரிசையாக அடுக்கினாலும், "வெள்ளம் வருது" என்று கவிழ்த்துக் கொட்டினாலும் தடுக்காதீர்கள்; அதுவும் விளையாட்டுதான்.

மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கும், எதையும் வாயில் போடும் பிள்ளைகளுக்கும் இது வேண்டாம், தொண்டையில் சிக்கும். அவர்களுக்குப் பழகிய துணி பொம்மை போதும். வாரக்கணக்கில் தூக்கமோ பேச்சோ இல்லாமல் ஒடுங்கிக் கிடக்கும் குழந்தைக்கு விளையாட்டு மட்டும் போதாது. டாக்டரிடம் காட்டுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்.