மாதம் 600 ரூபாய்: வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையை விட்டுவிடாமல் வாங்குவது எப்படி

எங்கள் ஊர் தறி ஊர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை போடுவதற்கு முன்னால் மூன்று வருஷம் தமிழக அரசு தரும் இந்த உதவித்தொகையை வாங்கினேன். பி.ஏ. தமிழ் முடித்து வீட்டில் இருந்த எனக்குப் பரீட்சைக்குப் போக பஸ் காசு தந்தது அதுதான். இப்போது படிவம் எடுக்க வருகிறவர்களுக்கு நானே உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கிறேன். பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

முதலில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையைத் தேடி எடுங்கள். பதிவு செய்து ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். இடையில் ஒரு புதுப்பித்தலும் விட்டுப்போயிருக்கக் கூடாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் 18 மாதம் சலுகை உண்டு. அதையும் தாண்டினால் பழைய பதிவு மூப்பு, அதாவது வரிசையில் உங்கள் இடம், போய்விடும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். போன மாதம் எதிர்த்தெருத் தங்கச்சி ஒருத்தி அட்டையைப் பாஸ்புக் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தாள். பிரித்தால் மடிப்பில் மை உதிர்ந்து, புதுப்பிக்க வேண்டிய தேதி இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. கல்யாணம், பிரசவம் என்று இருந்ததில் சலுகைக் காலமும் போய்விட்டது. ஆகவே அந்தத் தேதியை வீட்டு காலண்டரில் எழுதி வையுங்கள். இன்னொன்று: பள்ளியிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது பதிந்துவிடுவார்கள். பட்டத்தை நீங்களாகப் போய்ச் சேர்க்க வேண்டும்.

வயது 40-க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 45-க்குள். கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்துக்கொண்டிருந்தால் கிடையாது, தபால் வழிப் படிப்பு பரவாயில்லை. பொறியியல், மருத்துவம், விவசாயம், சட்டம் மாதிரித் தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கும் கிடையாது.

தொகை இதுதான். பத்தாவது தவறியவர்களுக்கு மாதம் 200, தேறியவர்களுக்கு 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும், மூன்று வருஷம் வரும். மாற்றுத்திறனாளிகள் பதிந்து ஒரு வருஷம் ஆனாலே போதும். அவர்களுக்குப் படிப்பைப் பொறுத்து 600, 750, 1,000 என்று பத்து வருஷம் வரை. வருமான வரம்பும் அவர்களுக்கு இல்லை.

படிவத்தை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள். காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பதிவு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் அசலோடு எடுத்துப் போங்கள்.

கஷ்டம் வருமானப் பக்கத்தில்தான். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்கு மேல் போகக் கூடாது, வருவாய்த் துறையில் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு அந்த ஒரு கையெழுத்துக்கு நாலு நடை. சாப்பாட்டு நேரம், கள ஆய்வு, கூட்டம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். நாலாவது நாள் முத்திரை பாதி பதிந்தும் பதியாமலும் விழுந்தது. அங்கேயே நின்று மறுபடி குத்தச் சொன்னேன். நீங்களும் வெட்கப்படாமல் அங்கேயே பார்த்துவிடுங்கள். மங்கலான முத்திரையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பணம் வர ஆரம்பித்ததும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வருஷா வருஷம் சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். இரண்டாம் வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் எனக்கு அது விட்டுப்போனது. பணம் நின்றுவிட்டது, ஏன் என்று ஒரு வரித் தகவலும் வரவில்லை. நானே போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை, மூப்பு அப்படியே இருக்கும்.

சரி, இவ்வளவு அலைந்து பட்டதாரிக்கு மூன்று வருஷத்தில் கிடைப்பது மொத்தம் 21,600 ரூபாய். இது பத்தாது, அரசு கூட்டத்தான் வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. இரண்டும் நல்ல திட்டங்கள். அதே பெண் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் ஐந்து வருஷம் காத்திருந்தால் 600-ஆ? வரம்பைப் பாருங்கள்: 72,000 என்றால் மாதம் 6,000. நாள் கூலி 300 ரூபாய்க்கு மாதம் 20 நாள் போகிற ஒரே ஒரு ஆள் வீட்டில் இருந்தாலே அதைத் தொட்டுவிடும். அப்புறம் யாருக்குத்தான் இந்தத் திட்டம்? ஐந்து வருஷக் காத்திருப்பும் கொடுமை. படித்து முடித்த முதல் இரண்டு வருஷம்தான் பரீட்சைக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டியிருக்கும்.

அதனால் விண்ணப்பத்தோடு இதையும் செய்யுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் பதிவு எண், படிப்பு, எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கீழே மூன்று கோரிக்கை: தொகை 1,000-க்குக் குறையாமல் வேண்டும், வருமான வரம்பை உயர்த்த வேண்டும், காத்திருப்பை இரண்டு வருஷமாக்க வேண்டும். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். எங்கள் தெருவிலிருந்து இதுவரை பதினோரு பேர் கொடுத்திருக்கிறோம். அந்த மனுவுக்கு என் கடையில் ஜெராக்ஸ் காசு வாங்குவதில்லை.