பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலை எழுதும் முறை

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில், வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாக எழுதித் தருவதுதான் விருப்பப் பட்டியல். அதற்கு முதல் வேலை கட்-ஆஃப் கணக்கு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து தரவரிசைக்காகப் போடும் கூட்டு. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் தலா ஐம்பதுக்கு, ஆக மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 எடுத்திருந்தால் 92 + 44 + 42 = 178. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக் கல்லூரி தேடாதீர்கள். கணக்குத் தாள் எளிதாக வந்த வருடம் எல்லாருடைய கட்-ஆஃபும் சேர்ந்தே ஏறிவிடும்; போன வருடம் 178-க்குக் கிடைத்த இடம் இந்த வருடம் கைக்கு எட்டாது. தரவரிசைப் பட்டியல் வந்ததும் உங்கள் பொதுத் தரவரிசையையும் சமூகப் பிரிவுத் தரவரிசையையும் குறித்துக்கொண்டு, போன வருடம் அதே இடத்தில் இருந்தவருக்கு எது கிடைத்தது என்று பாருங்கள். கட்-ஆஃபைவிட அது நம்பகமானது.

இனி ஒரு நோட்டு எடுத்துக் கட்டம் போடுங்கள். கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவுக் குறியீடு, உங்கள் பிரிவில் போன வருடக் கடைசித் தரவரிசை, கட்டணம், வீட்டிலிருந்து போய்வர ஆகும் நேரம். பெயரை நம்பாமல் குறியீட்டை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பி.எஸ்.ஜி. பெயரில் கோவைப் பக்கம் பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியும் நீலாம்பூரில் இன்னொன்றும் இருக்கின்றன. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பாடப்பிரிவு, உதவிபெறும் இடமாகவும் சுயநிதி இடமாகவும் தனித்தனிக் குறியீட்டில் வரும். கட்டண வித்தியாசம் பெரியது. கடைசி நாள் இரவில் செல்போனில் அவசரமாகத் தேர்வு செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கல்லூரியை எடைபோட, என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது. மெக்கானிக்கலுக்கு வாங்கியதை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது பொருந்தாது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்தக் கணக்கில் ஒப்பிட முடியாது.

அடுத்தது வரிசை. பெரும்பாலான பட்டியல்கள் கெடுவது இதில்தான். 'இது எனக்குக் கிடைக்காது' என்று நினைத்து, ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ளி, கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் போடுகிறார்கள். கணினி உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தந்துவிட்டு நின்றுவிடும். கீழே இருப்பதை அது பார்ப்பதே இல்லை. எட்டாத கல்லூரியை முதலில் போட்டதால் யாரும் எதையும் இழப்பதில்லை. ஆகவே வரிசையை ஆசைப்படியே எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள். அவருடைய சமூகப் பிரிவும் தரவரிசையும் வேறு.

எத்தனை போடலாம் என்பதற்கு வரம்பு இல்லை. பத்தோடு நிறுத்துபவர்தான் இடம் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போய், மிச்சமிருப்பதில் பொறுக்க நேர்கிறது. போன வருடம் கடைசியாக இடம் பெற்றவரின் கட்-ஆஃப், உங்களுடையதற்கு நாலு மதிப்பெண் மேலிருந்து பத்து மதிப்பெண் கீழ் வரை உள்ள இடங்களை எல்லாம் எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கிடைத்தாலும் சேரமாட்டேன் என்று தெரிந்த எதையும் சேர்க்காதீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு தனியாக உண்டு. அதற்கான விவரத்தையும் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் விண்ணப்பிக்கும்போதே பதிவேற்றுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும்; தவறினால் இடம் போய்விடும். ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருப்பதாகச் சொன்னால், கிடைத்த இடத்துக்கு மேலே நீங்கள் எழுதியவை மட்டும் மறுபடி பார்க்கப்படும். அவற்றில் ஒன்று கிடைத்ததும் பழைய இடம் தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. எனவே அந்தப் பொத்தானை அழுத்துமுன் மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் வீட்டாரோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். இப்போது கிடைத்திருப்பதைவிட எதுவும் மேலாகத் தோன்றாவிட்டால், ஏற்றுக்கொண்டு சேர்வதாகவே சொல்லிவிடுங்கள்.