பழ ஈயின் நொதி மரபணுவை நகலாக்குவது எப்படி?

நொதித்த பழங்களில் வாழும் டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்னும் பழ ஈ, அங்குள்ள ஆல்கஹாலைச் சிதைக்க ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதியைப் பெருமளவில் உண்டாக்குகிறது. இதற்கான ஏடிஎச் மரபணுவை டேவிட் கோல்ட்பர்க் 1980ஆம் ஆண்டிலேயே நகலாக்கிவிட்டார். வளர்ந்த ஈயில் இதன் தூது ஆர்என்ஏ (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் படி) மிகுதியாகக் கிடைப்பதால், புதிதாகப் பழகுபவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன்.

முதலில் ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க வேண்டும். ஏறத்தாழ 20 ஈக்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உருகுவதற்கு முன்பே 1 மில்லி ட்ரைசாலில் (செல்களை உடைத்து ஆர்என்ஏவைக் காக்கும் கரைசல்) அரைத்துவிடுங்கள். தாமதித்தால் ஈயின் திசுக்களிலுள்ள ஆர்என்ஏஸ் நொதிகளே ஆர்என்ஏவைச் சிதைத்துவிடும். 0.2 மில்லி குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கி, 4 டிகிரி செல்சியஸில் மையவிலக்கில் சுழற்றியபின், மேலே தெளிந்து நிற்கும் அடுக்கை மட்டும் எடுங்கள். நடு அடுக்கில் டிஎன்ஏ இருப்பதால், கடைசித் துளிவரை உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். ஐசோபுரொப்பனாலில் வீழ்படிவாக்கி, 75 விழுக்காடு எத்தனாலில் கழுவி, ஆர்என்ஏஸ் இல்லாத நீரில் கரைத்து, எஞ்சிய டிஎன்ஏவை, அதைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி கொண்டு நீக்குங்கள்.

அடுத்து, தூது ஆர்என்ஏவின் முனையில் அடினைன்கள் தொடராக அமைந்த பாலி-ஏ வாலில் பொருந்தும் ஓலிகோ டிடி ப்ரைமரையும் (படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழை) ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியையும் கொண்டு, ஆர்என்ஏவைப் பார்த்துப் படியெடுத்த டிஎன்ஏவான சிடிஎன்ஏவைத் தயாரியுங்கள். பழ ஈ மரபணுக்களின் தரவுத்தளமான ஃப்ளைபேஸிலுள்ள வரிசையைப் பார்த்து, தொடக்கக் குறியீட்டிலிருந்து நிறுத்தக் குறியீடு வரை பெருக்கும் ப்ரைமர்களை வடிவமைத்து, பிழைதிருத்தும் பாலிமரேஸால் பிசிஆர் (டிஎன்ஏவைப் பன்மடங்கு பெருக்கும் முறை) செய்யுங்கள்.

டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், 771 காரஇணை நீளப் பட்டை தெரிய வேண்டும். குறியீட்டுப் பகுதிக்குள் 65, 70 காரஇணைகள் கொண்ட இரு இன்ட்ரான்கள் (தூது ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் பகுதிகள்) இருப்பதால், மரபணு டிஎன்ஏ கலந்திருந்தால் ஏறத்தாழ 906 நீளத்தில் மற்றொரு பட்டை தோன்றும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயையும் உடன் ஓட்டுங்கள்; அதில் பட்டை தெரிந்தால் டிஎன்ஏ கலந்திருக்கிறது என்று பொருள். பலரும் தவிர்க்கும் இந்தக் கட்டுப்பாடு கட்டாயம் தேவை என்பது என் கருத்து.

சரியான பட்டையை வெட்டித் தூய்மையாக்குங்கள். பிழைதிருத்தும் பாலிமரேஸ் மொட்டை முனைகளையே தருவதால், டாக் பாலிமரேஸால் முனையில் ஓர் அடினைனைச் சேர்த்தபின் முனையில் தைமின் நீட்டிக்கொண்டிருக்கும் டி-வெக்டர் என்னும் பிளாஸ்மிட்டில் (பாக்டீரியாவுக்குள் பெருகும் வட்ட டிஎன்ஏ), லிகேஸ் என்னும் ஒட்டும் நொதியால் இணையுங்கள். பிறகு 42 டிகிரி வெப்ப அதிர்ச்சியால் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, ஆம்பிசிலினும் எக்ஸ்-காலும் கலந்த தட்டில் வளர்த்து, வெள்ளைக் காலனிகளைத் தேர்ந்தெடுங்கள்; துண்டு சேராத வெக்டரைக் கொண்டவை எக்ஸ்-காலால் நீலமாகும்.

பிளாஸ்மிட்டைப் பிரித்து இரு திசைகளிலும் வரிசைப்படுத்துங்கள். தொடக்க மெத்தியோனினை விட்டுவிட்டு எண்ணும்போது 192ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் லைசின் வந்தால், பிசிஆர் பிழை என்று அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். இயற்கை ஈக்களில் பரவலாகக் காணப்படும், மின்புலத்தில் நகரும் வேகத்தால் பெயர்பெற்ற இந்நொதியின் வேக, மந்த வடிவங்களை வேறுபடுத்துவதே அந்த அமினோ அமிலந்தான்.